செவிட்டில் ஒன்று

எங்கள் மொழியில் இந்த ரொட்டிக்குப் பெயர்
கோர்வாபூஸ்தி.
செவிட்டில் விடும் அறை என்று பொருள்.
பெயர் வைத்தவருக்கு
கோபமும் பசியும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
இரவு பதினொன்றரைக்குக் கதவைத் தட்டினாள்
அக்கா தூலிக்கி.
கையில் ஒரு பை, காலில் வீட்டுச் செருப்பு.
"இனி அவனோடு முடியாது."
முப்பத்தோரு வருடத்தில் இது நாலாவது முடியாது.
நான் காரணம் கேட்கவில்லை.
வாய்விட்டுச் சொன்னால் காரணம் சிறுத்துப்போகும்,
அதற்கும் சேர்த்து அழுவாள்.
(அப்பாவின் படகு மோட்டாரை
அவளிடம் சொல்லாமல் விற்றுவிட்டான் என்பது
பிறகுதான் தெரிந்தது.)

விளக்கணைத்த பின் இருட்டில் சொன்னாள்:
"மாவு பிசைந்து மூடி வைத்திருக்கிறேன், அங்கே."
இல்போவைப் பற்றிச் சொன்னபோது இல்லாத கலக்கம்
அந்தக் குரலில் இருந்தது.

மாவுக்கென்ன தெரியும்.
வெதுவெதுப்பான பால், ஈஸ்ட்,
ஒன்றிரண்டாய் இடித்த ஏலக்காய்.
வீடு இரண்டுபட்டாலும் அது
ஒன்றுக்கு இரண்டாக உப்பிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்று பத்துக்குப் போன்.
கொட்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்,
நாற்பது டன் பெட்டியைச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பவன்,
குரல் நடுங்கக் கேட்டான்:
"துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது.
என்ன செய்ய?"

மன்னிப்பு இல்லை. மோட்டார் இல்லை.
அக்கா கேட்டாள்: "கையைக் கழுவினாயா?"

பிறகு நான் தூங்கவேயில்லை.
மாவைக் கீழே அமுக்கு. அடிக்காதே, அமுக்கு.
மேசையில் விரி, உன் கை நீளத்துக்கு.
வெண்ணெய் தடவு, ஓரம்வரை,
கஞ்சத்தனம் பண்ணாதே.
சர்க்கரையைத் தூவு. மேலே பட்டைத்தூள்,
மரநிறம் வரும்வரை.
பாயைப் போலச் சுருட்டு.
சாய்த்து வெட்டு, நேராக இல்லை, சாய்த்து!
குறுகிய பக்கம் மேலே இருக்கட்டும்.
நடுவில் விரலால் அழுத்து.
இரண்டு பக்கமும் காதுபோல விரிகிறதா?

"ஒன்று விரிந்தது" என்றான்.

"இனி அரைமணி நேரம் பொங்க விடு."

போனை வைப்பாள் என்று நினைத்தேன்.
வைக்கவில்லை. அவனும்.
அந்த அரைமணி நேரம்
இருபத்தைந்து கிலோமீட்டர் பனிக்கு மேலே
இரண்டு மூச்சு மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.
ஒருமுறை அவன் தும்மினான்.
பட்டைத்தூள்தான்.

ஐந்தேகாலுக்கு வாசலில் கார்.
முன் இருக்கையில் கம்பளி போர்த்திய தட்டு,
அதற்கு சீட் பெல்ட் வேறு.
புருவத்தில் பனியோடு நின்றான்.
கதவுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள்,
நடுவில் தட்டைத் தாங்கிக்கொண்டு நான்.

காது என்று சொல்ல மூன்றுதான் தேறும்.
மற்றவை முஷ்டி. ஒன்று காலணி.
அடியில் சர்க்கரை உருகி ஓடிக் கருகியிருந்தது.
யாராவது ஏதாவது செய்ய வேண்டுமே என்று
ஒன்றைக் கடித்தேன்.
உள்ளே மடிப்பு மடிப்பாக,
பஞ்சுபோல, ஈரமாக,
சுருளின் கடைசிச் சுற்றில் சூடு இன்னும் பதுங்கியிருந்தது.

வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னேன்:
"சர்க்கரை அதிகம்."
"நான் அவ்வளவு போடச் சொல்லவில்லை" என்றாள் அக்கா.
"நீ போதும் என்று சொல்லவேயில்லை" என்றான்.

அவள் தட்டைப் பார்த்தாள்.
இருப்பதில் பெரியதை எடுத்தாள்.
கை ஓங்கியதாகத்தான் எனக்குப் பட்டது.
பனியில் சிவந்திருந்த அவன் இடது காதில்
அதை வைத்து
அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.
கழுத்து வழியே வெண்ணெய் இறங்கியது.

மோட்டார் சண்டை ஈஸ்டர்வரை நடந்தது.
தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.