நாலரை அங்குலம்

விட்டத்தை முதலில் தட்டிப் பார்த்தது
மேஸ்திரி இல்லை, என் தம்பி ஏசுபாலன்.
ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன்.
காதை வைத்துக் கேட்டுவிட்டு
"உள்ள ஒன்னும் இல்லக்கா,
கறையான் மாவுதான் கீது" என்றான்.

இந்த வீட்டுக்குக் கதை கிடையாது.
யாரோ கட்டி யாரோ விற்று
போக்கியத்துக்கு வந்த இடம்.
பத்திரத்தில் பேர் ஏறுவதற்குள்
அப்பா போய்ச் சேர்ந்தார்.
ஒழுகல் உண்டு, மூன்று இடத்தில்.
ஒன்று அந்தோணியார் படத்துக்கு நேர் மேலே.

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
தள்ளியது போகக் கையில் எண்பத்தெட்டாயிரம்.
மணலும் கம்பியும் பாதியைத் தின்றன.
கூலிக்குப் பதில் ஆட்கள் வந்தார்கள்.

ஞாயிறு, பூசை முடிந்ததும்
கேரம் கிளப் பையன்கள் ஒன்பது பேர்.
சந்து முனை வரை வரிசை கட்டி
செங்கல்லைக் கைமாற்றினார்கள்,
கீழே போட்டவனுக்கு ஃபைன் என்று
அங்கேயும் ஒரு ஆட்டம்.
லாரி ஷெட்டிலிருந்து பாஷா பாய்
இரண்டு ஜாக்கி அனுப்பினார்,
எண்ணெய் துடைத்துத் திருப்ப வேண்டும் என்ற
கண்டிஷனோடு.

ஜாக்கி ஏற ஏற
வீடு ஒருமுறை நெட்டி முறித்தது.
எல்லாரும் வெளியே ஓடினோம்.
என் மாமியார் மட்டும்
சோற்றுப் பானையோடு ஓடினார்.

பிறகுதான் மேஸ்திரி அந்தச் சுவரைக் காட்டினார்.
எங்களுக்கும் பங்கஜவல்லிக்கும் பொதுவான சுவர்.
யாரோ காசு மிச்சம் பிடித்த
நாலரை அங்குலம்.
கடல் உப்பு தின்றது போக மீதி.
இடித்துத்தான் ஆகவேண்டும்.

பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
காரணம் ஒரு கரண்ட் மீட்டர் பெட்டி.
ஸ்டேஷன் வரை போன பெட்டி அது.
என் மகளைத் தூது அனுப்பினேன்.
"இடிச்சிக்கச் சொல்லு" என்று
அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது,
அதற்குள் மேஸ்திரி
எங்கள் பக்கத்துக் காலண்டரைக் கழற்றிவிட்டார்.

அது ஆணியின் தலையில் தொங்கவில்லை,
கூர்முனையில் தொங்கியது.
எங்களுடைய ஆணியே இல்லை.

செங்கல் ஒவ்வொன்றாக உதிர
அவள் வீடு தெரிந்தது.
அதே பச்சை டிஸ்டெம்பர். அதே குக்கர்.
ஒரு கட்டில், அதில் கன்னியப்பன்,
வாய் ஒரு பக்கம் இழுத்தபடி.
ஆணித் தலையில் வலைக்கயிறு கட்டி
இடுப்பளவில் தொங்க விட்டிருந்தாள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான்
ராத்திரியில் அவர் நடை பழகுகிறார்.

காற்றில்லாமல் ஆடும் எங்கள் காலண்டர்.
தொம் தொம் என்று சுவரில் சத்தம்.
வேண்டுமென்றே இடிக்கிறாள் என்று
நானும் குழவியை எடுத்து
எத்தனை ராத்திரி பதிலுக்கு இடித்தேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கேரம் பையன்கள்கூட.
அவள் ஒரு பழைய புடவையை எடுத்து
சுவர் இருந்த இடத்தில் கட்டினாள்.
சாயங்காலம் அதன் அடியால்
ஒரு தட்டு டீ நகர்ந்து வந்தது.
எண்ணிப் பார்த்தேன், பதினாலு கிளாஸ்.
எங்கள் ஆட்களை எண்ணியிருக்கிறாள்.

புதுச் சுவர் ஒன்பது அங்குலம்.
ஏசுபாலன் ஒரு இரும்புக் குழாய் கொண்டுவந்தான்.
எங்கிருந்து என்று கேட்கவில்லை.
அவள் பக்கம் கைப்பிடி,
எங்கள் பக்கம் நாலு போல்ட்டு.
காசிமேட்டில் படகு ஒட்டும் டெல்லிபாபு
மொட்டைமாடி விரிசலுக்கு
ஃபைபரும் ரெசினும் பூசிக் கொடுத்தார்.
"வெள்ளம் வந்தா வூடே மெதக்கும்" என்றார்.
ஒரு வாரம் வீடெங்கும் படகு நாற்றம்.

மீட்டர் பெட்டி தகராறு அப்படியேதான் இருக்கிறது.
போன மாதமும் ரீடிங் எடுக்க வந்தவனிடம்
அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல்
மூன்றாவது போல்ட்டில் உள்ளங்கையை வைத்தால்
ஒரு இழுப்பு தெரிகிறது.
விட்டு, மறுபடி ஒன்று.
நேற்று பன்னிரண்டு வரை எண்ணினேன்.