மூன்று அங்குலம்

லபக் நகரில் காற்று மண்ணை வாரியடித்த ஒரு செவ்வாய்
நிக்கானோர் தன் சபர்பனைக் கொண்டுவந்து நிறுத்தினான்.
பின்னால் மூன்று அங்குலம், முன்னால் இரண்டு
இறக்க வேண்டும்.
"ஆனால் குலுங்கக் கூடாது."

இளவட்டங்கள் இப்படிக் கேட்பதில்லை.
அவர்களுக்குத் தார் சிராய்க்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும்.
சுருளை அறுத்துப் போட்டால் அரைநாள் வேலை,
அப்புறம் ஒவ்வொரு பள்ளமும்
முதுகில் வந்து பெயர் சொல்லும்.
டெல்ஃபினாவின் இடுப்பிலோ
நவம்பரிலிருந்து டைட்டானியம்.

அறுக்கவில்லை.
புது ஸ்பிரிங், குட்டை ஷாக்,
முட்டு ரப்பரைப் பாதி சீவினேன்.
இறக்குவதா பெரிய காரியம்?
இறங்கிய பிறகும் சக்கரம்
மேலே போய்வர இடம் வேண்டுமே.

ரயில் கேட்டைத் தாண்டிப் பார்த்தோம்.
அவள் மடியில் ஒரு சட்டி பொசோலே, மூடியில்லாமல்.
ஒரே ஒரு சோளம் விளிம்புவரை ஏறி
எட்டிப் பார்த்துவிட்டு
உள்ளே போய்விட்டது.

அதற்கு முன் நடந்ததை விட்டுவிட்டேன்.
ஐந்து மாதம் தூக்கி ஏற்றிய பழக்கத்தில்
நிக்கானோர் இரு கைகளையும் நீட்டினான்.
அவள் அதற்குள்
தானே உட்கார்ந்திருந்தாள்,
நாற்காலியில் உட்கார்வதுபோல.

நீட்டிய கைகள்
கொஞ்ச நேரம் காற்றில் நின்றன.
பிறகு கதவைச் சாத்தின,
தேவைக்கு மேல் மெதுவாக.