பழசு

தெர்மாகோல் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி
உசிலம்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த ஒச்சம்மாள்
என் மேசையில் அதை இறக்கிவிட்டு
முதலில் தண்ணீர் கேட்டாள்.

பெட்டிக்குள் மூன்று விரால்.
ஒன்றுக்குக் கண் துருத்தியிருந்தது.
ஒன்று கருவாட்டுக்கும் ஆகாமல் மெலிந்திருந்தது.
மூன்றாவது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.
அதைத்தான் முதலில் அறுத்தேன்.

"தீனி திங்குது மேடம், துள்ளுது,
பெறகு ஒருநா மல்லாந்து கெடக்குது.
மூணு வருசக் குத்தகை, சங்கிலி அடகுல இருக்கு."

சிறுநீரகம் முழுக்க வெள்ளை ரவை.
ஈரலில் ரவை.
மண்ணீரலில் எண்ணித் தீராத ரவை.
உப்புமா கிண்டலாம் போல என்று
அவள்தான் சொன்னாள், சிரிக்காமல்.
கத்தி முனையில் ஒன்றை எடுத்து நசுக்கினேன்.
நசுங்கவில்லை.

மெழுகில் பதித்து, மயிரினும் மெலிதாய்ச் சீவி,
சிவப்பு ஊற்றி, அமிலத்தில் அலசி, நீலம் ஊற்றி
அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்,
ஒற்றைக் கண்ணை மூட வராமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு.
"நம்ம மதுரை மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

இருந்தது.
வெளி வீதியில் நார்நாராய்ப் பின்னிய வேலி.
மாசி வீதியில் சின்னச் சின்ன உருண்டைக் காவல்.
ஆவணி மூல வீதியில் வீங்கித் தட்டையாகி
தோளோடு தோள் உரசி நிற்கும் செல்கள்.
சித்திரை வீதி தாண்டினால்
பேச்சு மூச்சில்லாத ஒரு பொட்டல்.
பொட்டலுக்கு நடுவே, சாவகாசமாக,
நாலைந்து சிவப்புக் குச்சிகள்.

அவற்றை எனக்குத் தெரியும்.
மனுஷச் சளியில் அவற்றின் பங்காளிகளைத்
தோப்பூரில் ஒன்பது வருஷம் எண்ணியிருக்கிறேன்.

"இந்தக் கட்டி சீக்கா, மருந்தா?"

பதினேழு வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி.
கட்டி, மீன் கட்டியது.
செரிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் போனதைச்
சுற்றி மதில் எழுப்பிவிட்டு
அது பாட்டுக்கு நீந்தும்.
ஒன்றிரண்டு மதில் என்றால் பிழைத்துக்கொள்ளும்.
மதிலே ஊரானபின்
சிறுநீரகத்துக்குள் சிறுநீரகம் இருக்க இடமில்லை.

"எங்க பாகப் பிரிவினைக் கேசு.
இருவது வருச வாய்தா.
நெலம் பூரா வேலிதான் நிக்கிது, வெள்ளாம இல்ல."

மெலிந்த விராலுக்குள் சினை இருந்தது.
ரவைக்கும் முட்டைக்கும் நடுவில்
என் கண்ணே ஒரு நிமிஷம் தடுமாறியது.
அந்த உடம்பிலும் ஒரு மூலை
அடுத்த மழைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.
இதை அவளிடம் சொல்லவில்லை.

சொன்னது வேறு:
கண்மாயை வற்றவிடு, சுண்ணாம்பு போடு,
சந்தையில் சும்மா கிடைக்கிற கழிவு மீனைப்
பச்சையாகத் தீனி போடாதே,
வெறுங்கையால் இதுகளைத் தொடாதே.
கையில் வெட்டுக்காயம் ஏதும் உண்டா?

நீட்டினாள்.
வலது சுட்டுவிரல் கணுவில்
வேர்க்கடலைப் பருப்பு அளவு வீக்கம்.
அமுக்கினேன். வலிக்கவில்லை என்றாள்.
"அது பழசு மேடம், தையிலேருந்து கெடக்குது."

என் நெஞ்சுப் படத்தின் வலது மேல் மூலையிலும்
ஒரு சுண்ணாம்புப் புள்ளி உண்டு.
டாக்டர் அதை வட்டமிட்டுப் 'பழசு' என்று எழுதிய அன்று
நான் ரெண்டு பரோட்டா கூடுதலாகத் தின்றேன்.
உள்ளே யார் இருக்கிறார்கள் என்று
அன்று கேட்கத் தோன்றவில்லை.

பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
மடித்து ரவிக்கைக்குள் செருகினாள்.
"போறேன்" என்றாள், எந்த நாள் என்று சொல்லாமல்.

வாசல் வரை போனவள் திரும்பி
பெட்டி நல்லாத்தானே இருக்கு,
அத மட்டும் குடுங்க என்றாள்.
எரிக்க வேண்டும் என்றேன்.
முப்பத்தஞ்சு ரூவா என்றாள்.

ரெண்டு பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றோம்.