புறக்கணிக்கத்தக்கது

தக்காளி மண்டிக்கு மேலே, இரண்டாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் பாலக்கோடு முழுக்க
பிளாஸ்டிக் பெட்டிகள்.
இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும்
கடலுக்கு ஒரு ராத்திரி பஸ்.
நான் கடலைப் பற்றி அறிக்கை எழுதுகிறேன்.

மீன்வளம் ஆராயப் போகும் கப்பல்
கடலுக்கு என்ன செய்துவிட்டு வருகிறது என்று.
மீனைப் பற்றி அல்ல,
மீனை எண்ணுகிறவர்களைப் பற்றி.
வீட்டுக்காரர் முனிரத்தினம் கேட்டார்:
‘தராச எட போடற வேலைங்களா?’
கிட்டத்தட்ட அதுதான்.

நாற்பத்தோரு இழுப்பு, ஒவ்வொன்றும் அரைமணி.
இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு கிலோ.
அளந்தார்கள், செவிக்கல் எடுத்தார்கள்,
வயிற்றைக் கிழித்து என்ன தின்றது என்று பார்த்தார்கள்,
மீதியைக் கடலிலேயே கொட்டினார்கள்.
விசைப்படகுகள் ஒரு நாளில் அள்ளுவதோடு வைத்துப் பார்த்தால்
உப்புமாவில் ஒரு கடுகு.
ஆகவே பாதிப்பு: புறக்கணிக்கத்தக்கது.

இதுவரை பத்தொன்பது முறை தட்டிவிட்டேன்.
இப்போது ‘புற’ என்றதுமே
மிச்சத்தைக் கணினியே முடித்துக் கொடுக்கிறது.

ஒலியலைக் கருவிக்கு ஒரு பத்தி.
நொடிக்கு முப்பத்தெட்டாயிரம் அதிர்வு.
சூரைக்குக் கேட்காது. ஓங்கிலுக்குக் கேட்கும்.
இதை எழுதும்போது எதிர்க் காட்டில்
திருச்செங்கோட்டு ரிக் வண்டி
ஆயிரத்து இருநூறு அடியைத் தாண்டிக்கொண்டிருந்தது.
பாறைத்தூள் பறந்து செடியெல்லாம் வெள்ளை.
‘நடத்தையில் தற்காலிக மாற்றம்’ என்று எழுதினேன்,
நகர்ந்துபோன டம்ளரை
இடது கையால் பிடித்துக்கொண்டு.

இழுப்பு எண் 28.
ஒரு பங்குனி ஆமை.
வலைக்குள் இருபத்திரண்டு நிமிடம்.
நீர் வடியவைத்து, அளந்து,
முன்துடுப்பில் எண் பொறித்த தகடு மாட்டி
உயிருடன் விடப்பட்டது.

அதற்குப் பிறகு?
கப்பலில் போன ரொசாரியோவுக்குப் போன் செய்தேன்.
‘விட்டதும் முங்கல மேடம்.
கொஞ்ச நேரம் மேலயே கெடந்துச்சு.
அப்புறம் எங்களுக்கு அடுத்த இழுப்பு.’

எனக்கு ஒன்பது வயதில்
பள்ளிக்கு ஒரு வெள்ளை வேன் வந்தது.
ஃப்ளோரைடு ஆராய்ச்சி.
வாயைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் ஸ்கேல் பிடித்து
பல்லைப் படம் எடுத்தார்கள்.
சின்ன டப்பாவில் மூத்திரம்.
ஆளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்.
அடிபம்பில் சிவப்புப் பெயின்ட்டால்
ஒரு பெருக்கல் குறி.
சாயங்காலம் அதே பம்பில்தான் தண்ணீர் அடித்தோம்.
வேறு பம்பு இல்லை.

காவிப் பல் அதற்கு முன்பும் காவிப் பல்தான்.
ஆனால் அந்த வாரத்திலிருந்து
நாகவேணி, நான், பசுபதி, எல்லோருமே
கையால் வாயை மூடிச் சிரிக்கப் பழகினோம்.
யாரும் சொல்லித்தரவில்லை.

பின்னாளில் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தேன்.
நான்காம் அட்டவணையில், ஒரு சதவீதத்துக்குள்
நான் இருக்கிறேன்.
‘ஆய்வால் பங்கேற்றோர்க்குத் தீங்கு ஏதுமில்லை.’
பொய் என்று சொல்ல மாட்டேன்.
ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கவில்லை.
குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்ததற்கு
அந்தச் சதவீதமும் ஒரு காரணமாக இருக்கலாம்.
எண்ணாமல் இருந்திருந்தால்
எங்களை யாருக்குத் தெரியும்.

அதனால் கப்பல் போகக் கூடாது என்று எழுதப் போவதில்லை.
அரைமணியை இருபது நிமிடம் ஆக்கலாம்.
ஒன்பது இழுப்பைக் குறைத்தாலும்
மதிப்பீடு பெரிதாக மாறாது,
போட்டுப் பார்த்துவிட்டேன்.
அதைப் பரிந்துரையில் சேர்த்தாயிற்று.

மணி பதினொன்றரை.
கீழே விலை போகாத பெட்டிகளை
ரோட்டோரம் கவிழ்க்கிறார்கள்.
இரண்டு மாடுகள் வந்துவிட்டன.

ஆமைக்கான கட்டம் இன்னும் காலி.
இல்லை, புறக்கணிக்கத்தக்கது, மிதம், அதிகம்.
நான்கில் ஒன்றைத்தான் தொட வேண்டும்.
தெரியாது என்பது பட்டியலில் இல்லை.
காலியாக விட்டால் அனுப்ப விடுவதில்லை.

விடாமல் இருக்கட்டும்
காலை வரைக்கும்.