அடியில் ஓர் எழுத்து

தோட்டப்பாளையம் முனையில் என் கடை.
அடுப்பு, குக்கர், வாணலி, இரண்டு தட்டு, ஒரு கரண்டி
எல்லாம் சேர்த்து நாள் வாடகை முப்பது.
முன்பணம் இருநூறு.
ஆஸ்பத்திரிக்கு வந்து
லாட்ஜில் பொங்கித் தின்கிறவர்களை நம்பித்தான் பிழைப்பு.

மால்டாக்காரர் கடுகெண்ணெயில் மீன் பொரிப்பார்.
ஜார்க்கண்டுப் பெண்ணுக்கு மூன்று வேளையும் பருப்பு.
சித்தூர் ரெட்டியார் பால் காய்ச்ச மட்டும் கேட்பார்,
"மீன் படாத பாத்திரந்தானே?" இரண்டு தடவை.
படாததுதான் என்பேன்.
சோப்பையும் சாம்பலையும் தவிர
எனக்கு வேறு சாட்சி இல்லை.

திரும்பி வந்ததும் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்ப்பேன்,
அடியில் 'ம' இருக்கிறதா என்று.
குடியாத்தத்துப் பெயர்வெட்டி
ஒரே நாளில் இருநூற்றுப் பத்துப் பாத்திரத்துக்குப்
புள்ளி புள்ளியாய் அடித்துக் கொடுத்தது.
மங்களலட்சுமி என்பது முழுப்பெயர்.
எழுத்துக்கு இரண்டு ரூபாய் என்றார்.
ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மீனுக்கு அடியிலும் 'ம'.
பத்தியக் கஞ்சிக்கு அடியிலும்.
நாளைக்கு ஆபரேஷன் என்றவன்
ராத்திரியெல்லாம் கிளறி, வாயில் வைக்காமல் விட்ட
சோற்றுக்கு அடியிலும்.

பிறகு ஆட்களையும் அப்படிப் பார்க்கும்
கெட்ட பழக்கம் வந்துவிட்டது.
ஊசி குத்திய கையை ஊதிக்கொண்டே போகும் பையன்,
ரசீதைத் தலைகீழாய்ப் பிடித்திருக்கும் அம்மாள்,
கவிழ்க்காமலே தெரிந்தது.
வெளியே சொல்லவில்லை.
சொன்னால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு,
சாமியில்லாத கோயில் என்று
எங்கள் ஊரைப் பழித்த காலம் உண்டு.
கோயிலுக்குச் சாமி வந்து நாளாயிற்று.
பாலாறு மட்டும் சொன்ன சொல் தவறவில்லை.
எனக்கு ஒரு சந்தேகம்:
கோட்டைக்குள் இல்லாத அத்தனை வருஷமும்
எந்த லாட்ஜில் தங்கியிருந்தார்,
யார் பாத்திரத்தில் பொங்கித் தின்றார்?

எத்திராஜிடம் மட்டும் எதுவும் தெரியவில்லை.
காட்பாடியில் ரயில் நிற்குமுன் தொற்றி ஏறி
நோயாளி கைப்பையைப் பிடுங்குகிறவன்.
ஐந்நூறு ரூபாய் அறையைத் தொள்ளாயிரத்துக்குத் தள்ளுவான்.
டோக்கன் எடுத்துத் தருகிறேன் என்று
ஓர் அசாம்காரியின் மூக்குத்தியைக் கழற்ற வைத்தவன்.
இது என் சரக்கு இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.
வேறு கடைப் பாத்திரம்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம் வந்து நின்றான்.
"சின்னப் பாத்திரம் ஒண்ணு. கஞ்சி வைக்கணும்."
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
முன்பணம் கேட்டேன்.
சில்லறையாய் எண்ணி வைத்தான்.

நாலாம் நாள், ஒரு லாட்ஜுக்குச் சாமான் கொண்டுபோகிறேன்.
ஆஸ்பத்திரி மதிலோரம் தரையில்
முழங்காலில் நெற்றி கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.
பக்கத்தில் என் பாத்திரம்.
மேலே மருந்துச்சீட்டு மூடி,
அது பறக்காதிருக்க ஒரு கல்.
காலர் சரிந்து பிடரி தெரிந்தது.
வேர்க்குரு. ஏதோ பழைய தழும்பு.
சலூன்காரர் விட்டுவிட்ட நாலு முடி.

அங்கே எழுத்து ஒன்றும் இல்லை.
இருந்தாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்,
கரி படிந்ததைக் கட்டைவிரலால் தேய்க்கிறபோது
எழுத்து வருமுன் ஒரு நிமிஷம் பார்ப்போமே, அப்படி.

கும்பிடத் தோன்றியது.
இரண்டு கையிலும் பாத்திரம்.

நிழல் விழுந்து விழித்துக்கொண்டான்.
"வாடகைக்கா வந்தீங்க அக்கா?"
ஆமாம் என்றேன்.
நாலு நாளுக்கு நாற்பது.
கை காலியில்லாததால்
மேலிருந்த குக்கருக்குள் எண்ணிப் போட்டான்.
லாட்ஜ் மாடிப்படி முழுக்க
அது கலகலத்துக்கொண்டே வந்தது.