எண்பத்தெட்டுப் படிகள்

கீலுங்கில் மழை நின்றால்தான்
ஆட்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.
அந்த வாரம் யாரும் பார்க்கவில்லை.
புயல் வருகிறதென்று ஊரே சமைக்க ஆசைப்பட்டது.
ஒரே நாளில் முப்பத்தொரு சிலிண்டர்.
லிஃப்ட் இல்லாத கட்டடங்களை எல்லாம்
என் தோளுக்கு எழுதிவைத்த மாதிரி.

இரவுச் சந்தையில் பசி என்னைத் தின்றது.
பன்றிக்கறிச் சோறு இரண்டு கிண்ணம்,
சர்க்கரைவள்ளி உருண்டை ஒரு பொட்டலம்,
கருப்பஞ்சாறு பெரிய குவளை, பிறகு இன்னொன்று.
ஆறு மாதமாக இப்படித்தான். தின்கிறேன், இளைக்கிறேன்.
இடுப்புவாரில் ஆணியால் புதுத் துளைகள் போட்டேன்.
பீ-யுன் பார்த்தாள்.
டீக்கோப்பை என் கையில் தந்தியடித்ததையும் பார்த்தாள்.
குடி என்று நினைத்தாளோ, வேறு எவளோ என்றோ,
கேட்காமல் அதை உப்புப்போட்டு வைத்திருந்தாள்.

மணி மூன்று. ஒன்றுக்குப் போக எழுந்தேன்.
எழுந்தேன் என்பது மனசு சொன்னது.
கால்கள் இருந்தன,
யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன ரப்பர் பூட்ஸாக.
கொசு கடித்தது தெரிந்தது; அடிக்கத்தான் கை வரவில்லை.
நாற்பது கிலோ இரும்போடு ஐந்து மாடி ஏறுகிறவன்
ஒரு போர்வையிடம் தோற்றேன்.

நாலடி தள்ளி ஃபோன் மின்னி மின்னி அணைந்தது.
கடை முதலாளி. விடிந்ததும் இன்னும் ஆறு வேண்டுமாம்.
பீ-யுன் மீன் ஏலத்தில் கணவாய்ப் பெட்டிகளுக்கு நடுவே.
ஐந்துக்கு முன் வரமாட்டாள்.
படுக்கை நனைந்தது.
அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்.

வந்தவள் முதலில் என் வாயை மோந்தாள்.
பிறகு என் கையைத் தூக்கி விட்டாள். விழுந்தது.
அவளிடமிருந்தும் ஏதோ விழுந்ததைப் பார்த்தேன்.

தீயணைப்புப் பையன்கள் இருவர்
நாற்காலியில் கட்டி என்னை இறக்கினார்கள்.
நாலாவது திருப்பத்தில் ஒரு படி உடைஞ்சிருக்கும், என்றேன்.
சுவரில் சாயாதே.
மூணாவது மாடியில் இறக்கி வைக்காதே,
மறுபடி தூக்கும்போது இடுப்பு போயிரும்.
வாய் மட்டும் வேலை செய்கிற சிலிண்டர்.
எண்பத்தெட்டுப் படிகள்.
ஏறும்போது எண்ணியிருக்கிறேன்,
பாரமாக இருந்து எண்ணியதில்லை.

டாக்டர் ஷியாவ் முழங்காலைச் சுத்தியலால் தட்டினார்.
கால் பதில் சொல்லவில்லை.
கழுத்தில் விரல் வைத்து, விழுங்குங்கள், என்றார்.
பிறகு, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?
நான் அடுக்க அடுக்க அவர் தலையாட்டியதைப் பார்த்து
பீ-யுனுக்குக் கோபம்.
பொட்டாசியம் ஒன்று புள்ளி எட்டு.
எங்கேயும் தொலையவில்லையாம்.
ரத்தத்தை விட்டுத் தசைக்குள் புகுந்து
கதவைச் சாத்திக்கொண்டதாம்.
தைராய்டு மிஞ்சி எரிகிறது, என்றார்.
அது எனக்குப் புரிகிற பாஷை.
எத்தனை வீட்டில் ரெகுலேட்டரில் மூக்கை வைத்து
கசிவைக் கண்டுபிடித்திருக்கிறேன்,
என் கழுத்தை ஒருநாளும் மோந்ததில்லை.

சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்.
நரம்பெல்லாம் மிளகாய்.
வேகமாக விடுங்களேன், என்றேன்.
ஒளிந்தது எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பினால்
இதயம் தாங்காது, என்றாள் நர்ஸ்.
கடன்காரர்களைப் பற்றிச் சொல்வது போலிருந்தது.
மத்தியானம் முழங்கால் போர்வையைக் கொஞ்சம் உயர்த்தியது.
புயல் வேறு பக்கம் திரும்பிவிட்டதாம்,
பக்கத்துக் கட்டில்காரர் ஏமாந்த குரலில் சொன்னார்.

இப்போது மாத்திரை. கருப்பஞ்சாறு கிடையாது.
இரண்டாம் மாடிக்கு மேல் முதலாளி அனுப்புவதில்லை.
விடியலில் பீ-யுன் பூட்ஸைக் கழற்றுமுன்
என் உள்ளங்காலில் ஐஸ் விரலை வைப்பாள்.
நான் காலை இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் வேடிக்கைக்கு, இழுக்காமல் கிடந்தேன்.
இரண்டு நாள் பேசவில்லை அவள்.
மூன்றாம் நாள்
படியில் பூட்ஸ் சத்தம் கேட்டபோதே
காலை இழுத்துவிட்டேன்.