மொழிபேயர்ப்பாளர்

அச்சகத்தில் ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகி
கழுத்து அட்டையில் நான்
மொழிபேயர்ப்பாளர்.
திருத்த நேரமில்லை என்றார்கள்.
சரி, பேய்க்கும் எனக்கும் ஒரு கிழமை ஒப்பந்தம்.

காப்புறுதிக் கம்பெனியில் லீவு போட்டு
வெள்ளவத்தையில் 154 ஏறிப்
பொரளையில் இறங்கினால்
வாசலில் காகங்களும் அப்பாமாரும்.
பன்னிரண்டு மணிவரை இரண்டு பேருக்கும் உள்ளே அனுமதியில்லை.

உள்ளே, கடல் கடந்து வந்த வைத்தியர் குழு.
பெட்டி பெட்டியாய் நூல், ஊசி,
ஒரு பெட்டி முழுக்கச் சவர்க்காரக் குமிழி.
குமிழி ஊதுவதும் என் வேலைதான்.
விடிய நாலு மணிக்குப் பிறகு பால் கூடாது
என்று சொல்வதும்.
தாய்க்கு மூன்று மொழியில் சொல்லலாம்,
பசித்த பிள்ளைக்கு ஒன்றிலும் சொல்லேலாது.

லுணுகலையிலிருந்து புஸ்பலீலா.
இரவு பஸ்ஸில் வந்த சேலை மடிப்பு இன்னும் கலையவில்லை.
மடியில் டிலுக்சன், ஒன்பது மாதம்.
மேலுதடு மூக்குவரை திறந்து கிடக்க
தாதியைப் பார்த்துச் சிரிக்கிறான்,
மின்விசிறியைப் பார்த்துச் சிரிக்கிறான்,
ஊசிக்கும் ஒருதரம் சிரித்துவிட்டுத்தான் அழுதான்.
முகத்துக்குள் அடங்காத சிரிப்பு.

படிவத்தில் கையெழுத்து வைக்கப் போனவள்
பேனையை நிறுத்தினாள்.
"கெரகணத்தன்னிக்கு பூசணிக்கா வெட்டிப்புட்டேன் மிஸ்.
அதனாலயான்னு தொரைகிட்ட கேளுங்க."

அவர் துரை இல்லை, டாக்டர் என்று
சொல்ல வாயெடுத்து, விட்டேன்.
கேட்டேன். கிரகணம் ஆங்கிலத்துக்குச் சுகமாய்ப் போனது,
பூசணிக்காய்தான் கொஞ்சம் உருண்டது.
அவர் சிரிக்கவில்லை.
அவள் கண்ணுயரத்துக்குக் குந்தினார்.
வயிற்றில் ஆறாம் கிழமை, இரண்டு பக்கமும்
ஒன்றையொன்று தேடி வருமாம்,
சிலவேளை சந்திக்காமலே நின்றுவிடுமாம்.
நீண்ட பேச்சு.
முதலில் என் தமிழுக்குக் கொண்டுவந்தேன்,
பிறகு அவள் தமிழுக்கு:
"ஒங்க மேல குத்தமில்லையாம்."

"எழுதித் தாங்க மிஸ். கையெழுத்தோட.
லயத்துல காட்டணும்."

மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன்:
பூசணிக்காய்க்கும் இதற்கும் தொடர்பில்லை.
வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே
அவர் பெயரெழுதி, திகதியும் போட்டார்.
நாலாய் மடித்து
அவள் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.
படிவத்தில் கையெழுத்து அதற்குப் பிறகுதான்.

இரண்டு மணித்தியாலம்.
வாசலில் யோகராஜுக்கு ஒரு மாலுபாண் கொண்டுபோனேன்.
கடிக்காமல் கையிலேயே வைத்திருந்து
"ரெத்தம் நெறைய போகுமா?" என்றான்.
இல்லையென்றேன். எனக்குத் தெரியாது.
பாணைக் காகம் கொண்டுபோனது.

பிள்ளை வந்தான்.
கைகள் மடங்காதபடி மட்டை கட்டி,
உதட்டில் நீலநூல், எறும்பு வரிசைபோல்.
பார்த்தபடியே நின்றாள் புஸ்பலீலா.
பக்கத்துக் கட்டில்காரி சிங்களத்தில்
எவ்வளவு வடிவென்று சொன்னதை
நான் தமிழாக்க முன்பே அவள் சொன்னாள்,
"அந்தச் சிரிப்பு போயிருச்சே மிஸ்."
அழுதாள்.

"என்ன சொல்கிறா?"
ஆங்கிலத்தில், கண்ணில் நீரோடு,
வெளிநாட்டுத் தாதி.

ஒரு கிழமையில் அப்போது மட்டும்
பேய் என் நாக்கில் ஏறியது.
நன்றி சொல்கிறா என்றேன்.

தாதி அவளை இறுக்கி அணைத்தாள்.
இவள் அவளுடைய முதுகைத் தட்டிக்கொடுத்தாள்,
ஆறுதல் சொல்பவள்போல்.
அந்தத் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள்.
சொல்லியாச்சா என்று கேட்கிற பார்வை.
தலையாட்டினேன்.

திரும்பும் 154இல் நின்றபடி
அந்த வரியை ஆங்கிலத்தில் ஓட்டிப் பார்த்தேன்.
பம்பலப்பிட்டிவரை வந்தது, முழுசாகவே வந்தது.
கஷ்டமான சொல் ஒன்றுகூட இல்லை.

நாளைக்கு ஏழு பிள்ளைகள்.
குமிழித் தண்ணீர் முடிந்துவிட்டது.
இறங்கியதும் வாங்க வேண்டும்.